கருப்பாக இருந்தால் மட்டும் போதாது: மின்கடத்தும் பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுப்பது, வார்ப்பது, அளப்பது

தெருவில் பதிக்கும் கருப்பு எச்டிபிஇ குடிநீர்க் குழாயும், எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டு அடுக்கும் கருப்பு டப்பாவும் பார்வைக்கு ஒன்றுதான். மல்டிமீட்டர் முனைகளைக் குழாயின் மேல் வைத்தால் முள் அசையாது. டப்பாவின் மேல் வைத்தால் சில ஆயிரம் ஓம் காட்டும். இரண்டிலும் கலந்திருப்பது கார்பன் பிளாக். குழாயில் அது சுமார் 2.5 சதவீதம், வெயிலில் பிளாஸ்டிக் வெடித்துப்போகாமல் காக்க. டப்பாவில் 15 முதல் 25 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கு நடுவே நடப்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை.

பாதை எப்படி உருவாகிறது

சாதாரண பிளாஸ்டிக்கின் தன்மின்தடை (அளவும் வடிவமும் எதுவானாலும் மாறாமல் பொருளுக்கே உரிய மின்தடை) 10¹⁴ முதல் 10¹⁸ ஓம்-செ.மீ. வரை இருக்கும். செம்புக்கு அது 0.0000017. கார்பன் கலந்த பிளாஸ்டிக் இடையில் எங்கோ, பெரும்பாலும் 1 ஓம்-செ.மீ.க்கும் 10 லட்சம் ஓம்-செ.மீ.க்கும் நடுவே வந்து நிற்கும். ஆகவே மின்கடத்தும் பிளாஸ்டிக் என்றதும் கம்பிக்கு மாற்று என்று நினைத்துவிடக் கூடாது. நிலைமின்னை வடியவிட, அலைகளைத் தடுக்க, சூடேற்ற, தொடுவதை உணர. இவைதான் அதன் வேலைகள்.

வாய்க்காலைக் கடக்கக் கல் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கல்லைக் கண்டபடி வீசினால் கடக்க முடியாது. இருபது வீசினாலும் முடியாது. ஒரு கட்டத்தில் இன்னும் நாலைந்து விழுந்ததும் இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஒரு வழி அமைந்துவிடும். அதற்குப் பிறகு போடும் கற்கள் அந்த வழியை அகலப்படுத்தும், அவ்வளவே. பிளாஸ்டிக்குக்குள் கார்பன் துகள்களும் இப்படித்தான். துகள்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. இடைவெளி சில நானோமீட்டருக்குள் இருந்தால் எலெக்ட்ரான் தாவிவிடும். வழி அமையும் அந்தக் கட்டத்தைப் பெர்கோலேஷன் வரம்பு என்கிறார்கள். அந்த வரம்பைத் தாண்டும்போது ஓரிரு சதவீத வித்தியாசத்தில் மின்தடை பல லட்சம் மடங்கு சரியும்.

வரம்பு எத்தனை சதவீதத்தில் வரும் என்பது துகளின் வடிவத்தைப் பொறுத்தது. உருண்டையாகத் தனித்து நிற்கும் கார்பன் நிறையத் தேவைப்படும். திராட்சைக் கொத்து மாதிரி கிளைத்துப் பின்னிய, உள்ளே ஓட்டைகள் நிறைந்த ரகம் கொஞ்சம் போதும். மின்கடத்தலுக்கென்றே வெகுகாலமாகப் புழங்கும் வல்கன் எக்ஸ்சி-72 கிராமுக்குச் சுமார் 250 சதுர மீட்டர் பரப்பு கொண்டது. கெட்ஜன்பிளாக் ஈசி-600 ரகத்துக்கு அது 1,200க்கு மேல். முதலாவது இரட்டை இலக்கச் சதவீதம் கேட்கும் இடத்தில் இரண்டாவது ஒற்றை இலக்கத்தில் வேலையை முடிக்கும். நீளமான கார்பன் நானோகுழாய் 1 முதல் 3 சதவீதத்திலேயே வழி போட்டுவிடும். கார்பன் இழை என்றால் 10 முதல் 20 சதவீதம். மின்காந்த அலையைத் தடுக்கும் உறைகளுக்கு 8 மைக்ரான் தடிமன் கொண்ட துருப்பிடிக்காத எஃகு இழையைச் சேர்ப்பதுண்டு.

குறைந்த அளவு போதும் என்பது ஏன் முக்கியம்? 20 சதவீதம் கரித்தூள் சேர்ந்த பிளாஸ்டிக் நொறுங்கும் குணம் பெறும், உருகும்போது கஞ்சி போலக் கெட்டியாகும், உரசினால் கருப்பு உதிரும். தூசியே ஆகாத அறையில் வைக்கும் தட்டுக்கு இது சரிவராது. விலை அதிகமானாலும் நானோகுழாய் அங்கே போவது இதனால்தான்.

மாஸ்டர்பேட்ச் கணக்கு

கடையில் 40 சதவீதக் கார்பன் மாஸ்டர்பேட்ச் (கார்பனைச் செறிவாக ஏற்றிய பிளாஸ்டிக் குருணை) வாங்குகிறீர்கள். அதை அதே எடைப் பாலிபுரொப்பிலீனோடு, ஒன்றுக்கு ஒன்றாகக் கலந்தால் 20 சதவீதம். பெரும்பாலும் கடத்தும். செலவைக் குறைக்கலாமே என்று ஒன்றுக்கு மூன்றாகக் கலந்தால் 10 சதவீதம். சாமான் முன்பு போலவே கன்னங்கரேலென்று வரும், ஆனால் பெரும்பாலும் கடத்தாது. நிறத்துக்கு 2 சதவீதம் போதும் என்பதால் கண் இங்கே உதவாது. பாதி விலைக்குக் கிடைக்கும் 'ஈஎஸ்டி டப்பா'வில் (நிலைமின் பாய்ந்து போர்டு கெடாமல் காக்கும் டப்பா) பல இந்த ரகம். வாங்குவதற்கு முன் ஒன்றை அளந்துவிடுங்கள்.

இன்னொன்று: வரம்பின் விளிம்பிலேயே கலவையை நிறுத்தாதீர்கள். 14 சதவீதத்தில் வழி அமைகிறது என்று தெரிந்தால் 18க்குப் போங்கள். விளிம்பில் நின்றால் ஹாப்பரில் (மெஷினுக்குக் குருணை ஊட்டும் தொட்டி) குருணை பிரிந்து நிற்பதும் மெஷின் சூடு கொஞ்சம் மாறுவதும்கூட ஒரே லாட்டில் ஒரு டப்பாவை ஆயிரம் ஓமாகவும் அடுத்ததை நூறு கோடி ஓமாகவும் ஆக்கிவிடும்.

எத்தனை ஓம் வேண்டும்?

எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்பது இங்கே செல்லாது. பேக்கேஜிங் தரங்களின்படி மேற்பரப்பு மின்தடை 10⁴ ஓமுக்குக் கீழே என்றால் கடத்தி. 10⁴ முதல் 10¹¹ வரை மெல்ல வடியவிடும் ரகம். அதற்கு மேல் காப்பான். சில்லு ஏற்கெனவே மின்னேற்றத்தோடு இருக்கிறது என்று வையுங்கள். அதை உலோக மேஜையில் வைத்தால் ஏற்றம் முழுவதும் ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஒரே காலின் வழியே பாய்ந்து உள்ளே எரித்துவிடும். 10⁶ முதல் 10⁹ ஓம் விரிப்பில் வைத்தால் அதே ஏற்றம் சொட்டுச் சொட்டாக இறங்கும். மணிக்கட்டுப் பட்டையில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் வைப்பது வேறு காரணத்துக்காக: தவறி மின்சாரக் கம்பியைத் தொட்டால் ஆளைக் காக்க.

இளஞ்சிவப்புப் பாலித்தீன் பை கார்பன் இல்லாமல் வேறு வழியில் வேலை செய்கிறது. அதில் சேர்த்த ரசாயனம் மேற்பரப்புக்குக் கசிந்து வந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, கண்ணுக்குத் தெரியாத நீர்ப் படலம் ஒன்றைப் பூசிக்கொள்கிறது. கடலோர ஊரில், திறந்த ஷெட்டில் நன்றாக வேலை செய்யும். அதே பை ஏசி போட்டு ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே போன அறையில் சோம்பிவிடும். ரசாயனம் வற்றிப்போனால் பழைய பையும் சாதாரணப் பைதான். உணர்வு மிகுந்த போர்டுக்கு அதை நம்பாதீர்கள்.

எரியும் ஆவி உள்ள இடத்தில் எச்சரிக்கை இன்னும் கூடுதல். பெட்ரோல் ஓடும்போது குழாய்ச் சுவரில் நிலைமின் ஏறும் என்பதால் வாகன எரிபொருள் குழாய்களின் உள்ளடுக்கைக் கடத்தும் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். அதை எர்த்தோடு சேர்க்காமல் விட்டால் நிலைமை சாதாரண பிளாஸ்டிக்கைவிட மோசம். காப்பானில் தேங்கிய ஏற்றம் அங்கங்கே ஒட்டிக்கிடக்கும், தீப்பொறி வந்தாலும் சின்னதாக வரும். தனித்து விடப்பட்ட கடத்தியோ சேர்த்ததையெல்லாம் ஒரே பொறியில் கொட்டிவிடும். கடத்தும் நூல் ஓடும் ஜம்போ பைகளுக்கும் இதே விதி: எர்த் கிளிப்பை மாட்டிய பிறகே தூளைக் கொட்ட வேண்டும்.

வார்ப்பில் கெடுவது

குருணை சரியாக இருந்தும் சாமான் கடத்தவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது மெஷின் செட்டிங்கை. கார்பன் கொத்துகள் பலவீனமானவை. உருகிய பிளாஸ்டிக்கை வேகமாக அழுத்தினால் கொத்துகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, வழி அறுந்துபோகும். அச்சு குளிர்ச்சியாக இருந்தால் மறுபடி சேர நேரம் கிடைக்காமல் அப்படியே உறைந்துவிடும்.

ஈரத்திலிருந்து தொடங்குங்கள். கார்பன் பிளாக் ஈரத்தை உறிஞ்சும். சாதாரண ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை உலர்த்தாமல் தப்பித்தவர்கள்கூட இங்கே தப்ப முடியாது. 80 டிகிரியில் 4 மணி நேரம் உலர்த்துங்கள். இல்லையென்றால் மேலே வெள்ளிக் கோடுகள் வரும், உள்ளே குமிழி விழும். பிறகு ஊசி வேகத்தை (உருகியதை அச்சுக்குள் செலுத்தும் வேகம்) குறையுங்கள், பேக் பிரஷரை (குருணையை உருக்கும்போது திருகைப் பின்னிருந்து எதிர்க்கும் அழுத்தம்) குறைந்த அளவில் வையுங்கள், அச்சுச் சூட்டை அந்தப் பிளாஸ்டிக்குக்கு அனுமதித்த உச்சத்துக்கு அருகே கொண்டுபோங்கள். கேட்டை (உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழையும் வாய்) அகலமாக வெட்டுங்கள். ஊசித்துளை போன்ற கேட் எல்லாவற்றையும் கெடுக்கும். இழை கலந்த ரகத்தில் கேடு இரட்டிப்பு. திருகுக்குள்ளேயே இழை முறிந்து, 5 மில்லிமீட்டராகப் போனது அரை மில்லிமீட்டராக வெளியே வரும். ஸ்பிரூவையும் ரன்னரையும் (அச்சுக்கு வரும் வழியில் உறைந்து நிற்கும் தண்டுகள்) அரைத்துத் திரும்பப் போடுவதை இழை ரகத்தில் தவிர்ப்பது நல்லது.

நன்றாக வார்த்ததிலும் ஒரு பொல்லாத விஷயம் உண்டு. அச்சுச் சுவரைத் தொட்ட உடனே உறையும் தோலில் கார்பன் குறைவாகவும் வெறும் பிளாஸ்டிக் அதிகமாகவும் இருக்கும். உள்ளே 100 ஓம், தோலில் 10⁸ ஓம் என்று இருக்கலாம். கண்டுபிடிப்பது சுலபம்: ஓர் இடத்தை அளந்து, அங்கேயே 400 நம்பர் உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்து, துடைத்து, மறுபடி அளந்து பாருங்கள். எண் சட்டென்று விழுந்தால் கோளாறு தோலில். கலவையைக் குறை சொல்லாதீர்கள். விழாவிட்டால் கார்பன் அளவுதான் போதவில்லை.

அளக்கும் முறை

மல்டிமீட்டர் ஊசிமுனை பிளாஸ்டிக்கைத் தொடும் பரப்பு மிகச் சிறியது. அதனால் நீங்கள் அளப்பது பெரும்பாலும் தொடுமின்தடையைத்தான். அழுத்திப் பிடித்தால் ஒரு எண், விட்டால் ஒரு எண். விற்பவர் அழுத்துவார், வாங்குபவர் தளர்த்துவார்.

தட்டைப் பொருளுக்கு, 5 செ.மீ. நீளமான இரண்டு கோடுகளைச் சில்வர் பெயின்ட்டால் 5 செ.மீ. இடைவெளியில் இணையாகத் தீட்டுங்கள். காய்ந்ததும் அவற்றில் கிளிப் மாட்டி அளந்தால் வருவது 'ஒரு சதுரத்துக்கு இத்தனை ஓம்'. சென்டிமீட்டர் எதுவானாலும் நீளமும் இடைவெளியும் சமமாக இருந்தால் எண் ஏறக்குறைய அதேதான் வரும். விரிப்புகளுக்குத் தரமுறையில் 63.5 மி.மீ. விட்டமும் 2.27 கிலோ எடையும் கொண்ட இரண்டு எலெக்ட்ரோடுகள் பயன்படுகின்றன. 10⁶ ஓமுக்குக் கீழே 10 வோல்ட், மேலே 100 வோல்ட். கையில் 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) இருக்கிறது என்று அதை மாட்டிவிடாதீர்கள். அந்த வோல்ட்டில் இல்லாத வழியும் திறந்து, நல்லதாகப் பொய் சொல்லும்.

டேட்டாஷீட்டில் ஒரு குழி இருக்கிறது. ஒருவர் 'ஓம்' என்று போடுவார், இன்னொருவர் 'ஓம் / சதுரம்' என்று போடுவார். வழக்கமான வட்ட எலெக்ட்ரோடில் அளந்தால் இரண்டாவது எண் முதலாவதைப் போலச் சுமார் 10 மடங்கு. அலகைப் பார்க்காமல் ஒப்பிட்டால் நல்ல பொருளைத் திருப்பி அனுப்பிவிடுவீர்கள்.

100 ஓமுக்குக் கீழே இறங்கினால் நாலு முனை முறைக்கு மாறுங்கள். வெளி இரண்டு முனையில் 1 மில்லிஆம்பியர் செலுத்தி, உள் இரண்டு முனைக்கு நடுவே வோல்ட்டேஜை அளக்க வேண்டும். உள் முனைகளில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லாததால் தொடுமின்தடை கணக்கில் வராது.

11 கே.வி. கேபிளுக்குள்

நிலத்தடியில் போகும் எக்ஸ்எல்பிஇ (குறுக்குப் பிணைப்பு இட்ட பாலிஎத்திலீன் இன்சுலேஷன்) கேபிளில் கம்பிக்கு மேலேயும் இன்சுலேஷனுக்கு மேலேயும் ஒவ்வொரு கருப்பு அடுக்கு இருக்கும். கேபிள் ஆட்கள் செமிகான் என்பார்கள். கார்பன் நிறைந்த பாலிமர்தான் அது. முறுக்கிய கம்பியின் மேடுபள்ளத்தில் மின்புலம் குவிந்து இன்சுலேஷனைத் துளைக்காதபடி வழவழவென்று ஒரே மட்டமாக்குவது அதன் வேலை. ஐஇசி 60502 தரப்படி உள் அடுக்கு 1,000 ஓம்-மீட்டரையும் வெளி அடுக்கு 500 ஓம்-மீட்டரையும் தாண்டக் கூடாது.

ஜாயின்ட் போடும்போது வெளிச் செமிகானை உரிக்க வேண்டும். வளையமாகக் கீறும் கத்தி செமிகானின் முழு ஆழத்துக்கும் போகக் கூடாது. கொஞ்சம் மிச்சம் வைத்து, பிய்த்து எடுங்கள். கத்தி எக்ஸ்எல்பிஇயில் ஒரு கீறல் விட்டால் அதில் காற்று நின்று, அங்கே சிறுசிறு மின்பொறி தெறித்து, மாதக்கணக்கில் அரித்து ஒருநாள் வெடிக்கும். மிச்சக் கருப்பை அலுமினியம் ஆக்ஸைடு தாளால் தேயுங்கள். எமரி வேண்டாம், அதன் துகளே கடத்தும். துடைக்கும் துணி எப்போதும் கம்பி முனையிலிருந்து செமிகானை நோக்கிப் போக வேண்டும். திருப்பித் துடைத்தால் கார்பனை வெள்ளை இன்சுலேஷன் மேல் பூசியதாகிவிடும். ஒருமுறை செமிகானைத் தொட்ட துணியை அப்படியே கீழே போட்டுவிடுங்கள்.

சூடானால் அறுந்துகொள்ளும் வழி

பாலிஎத்திலீனில் கார்பன் கலந்தால் ஒரு வசதி கிடைக்கிறது. சுமார் 125 டிகிரியில் அதன் படிகப் பகுதி உருகி விரியும். துகள்கள் விலகி, வழி அறுந்து, மின்தடை ஆயிரக்கணக்கான மடங்கு ஏறும். ஆறினால் பழையபடி சேரும். தானே மீளும் ஃப்யூஸ் இதுவே. தானே அடங்கும் ஹீட்டிங் கேபிளிலும் இதே தத்துவம், ஆனால் அடங்கும் சூடு இன்னும் குறைவு. இரண்டு செம்புக் கம்பிக்கு நடுவே முழு நீளத்துக்கும் இந்தப் பிளாஸ்டிக் இருப்பதால் வேண்டிய நீளத்துக்கு வெட்டிக்கொள்ளலாம். கடைசி முனையில் இரண்டு கம்பியையும் முறுக்கிச் சேர்ப்பது அனுபவசாலி எலெக்ட்ரீஷியனும் செய்யும் தவறு. அது நேர் ஷார்ட். அங்கே மூடி போட்டுக் காப்பிட வேண்டும், அவ்வளவே.

டிவி ரிமோட்டின் ரப்பர் பட்டனுக்கு அடியில் இருக்கும் கருப்புப் பொட்டும் இதே குடும்பம், சிலிக்கோனில் கார்பன். நல்லது சில நூறு ஓமுக்குள் காட்டும். தேய்ந்தது பல ஆயிரத்துக்குப் போகும், அப்போதுதான் அழுத்தி அழுத்திப் பார்க்கிறோம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் பொட்டையும் போர்டையும் துடைத்தால் பாதி ரிமோட் பிழைக்கும். உப்புத்தாள் போடாதீர்கள், கார்பன் தோல் போய்விடும். பென்சிலால் தேய்ப்பது இரண்டு வாரத்துக்கு.

3டி பிரின்டரில் ஒரு தடம்

கார்பன் கலந்த பிஎல்ஏ (3டி பிரின்டரில் வழக்கமாகப் போடும் பிளாஸ்டிக்) இழை வாங்கினால் முதலில் 10 செ.மீ. வெட்டி, இரு முனையிலும் சில்வர் பெயின்ட் வைத்து அளந்துகொள்ளுங்கள். 1.75 மி.மீ. இழையின் வெட்டுப்பரப்பு 0.024 சதுர செ.மீ. மீட்டர் 5,000 ஓம் காட்டினால் 5,000 × 0.024 ÷ 10, அதாவது 12 ஓம்-செ.மீ. அச்சிட்ட பிறகு அது ஏறக்குறைய இரட்டிக்கும். அடுக்குகளுக்குக் குறுக்கே போனால் இன்னும் சில மடங்கு, ஏனென்றால் ஒவ்வொரு அடுக்கின் ஒட்டும் இடமும் ஒரு தடை. ஆகவே மின்னோட்டம் படுக்கைவசமாக ஓடும்படி வடிவமைக்க வேண்டும்.

எல்இடி எரிக்கக் கணக்கு இப்படி: தன்மின்தடை 30 ஓம்-செ.மீ., நீளம் 5 செ.மீ., தடம் 2 மி.மீ. அகலம், 0.8 மி.மீ. தடிமன் என்றால் 9,375 ஓம். 9 வோல்ட் பேட்டரியில் எல்இடிக்கு 2 வோல்ட் போக, 0.75 மில்லிஆம்பியர்தான் மிஞ்சும். இருட்டில் மட்டும் தெரியும். அகலத்தை 10, தடிமனை 2 மி.மீ. ஆக்கினால் 750 ஓம். போக ஒன்று வர ஒன்று என இரண்டு தடம், 1,500 ஓம். 4.7 மில்லிஆம்பியர் கிடைக்கும், தனி ரெசிஸ்டரும் தேவைப்படாது. 60 டிகிரியில் பிஎல்ஏ தளர்ந்துவிடும் என்பதால் மோட்டாருக்கு இதை நினைக்க வேண்டாம்.

நாஸில் (உருகிய இழை வெளியே வரும் துளை) 0.6 மி.மீ. வையுங்கள், 0.4ல் கார்பன் அடைத்துக்கொள்ளும். இழை நொறுங்கும் ரகம் என்பதால் ஸ்பூலிலிருந்து கூர்மையான வளைவு இல்லாமல் வர வேண்டும். கம்பியைத் தடத்தில் ஒட்ட சால்டரிங் ஆகாது. பித்தளைத் திருகைச் சூடாக்கி உள்ளே இறக்குங்கள், சுற்றிச் சில்வர் பெயின்ட் வையுங்கள்.

கார்பன் சேராமல் தானே கடத்தும் பிளாஸ்டிக்

இது வேறு வகை. ஹிடெக்கி ஷிரகாவா, ஆலன் மெக்டியார்மிட், ஆலன் ஹீகர் மூவரும் பாலிஅசெட்டிலீன் படலத்தில் ஹாலஜன் ஆவி ஏற்றி அதன் கடத்தும் திறனைப் பல லட்சம் மடங்கு உயர்த்தியது 1977இல் வெளியானது. 2000இல் வேதியியல் நோபல் கிடைத்தது. ஒற்றை, இரட்டை என்று மாறி மாறி வரும் பிணைப்புச் சங்கிலியிலிருந்து அயோடின் எலெக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டால், அந்தக் காலியிடம் சங்கிலி நெடுக நகரும். பாலிஅசெட்டிலீன் காற்றில் கெட்டுப்போவதால் சந்தையில் நிலைக்கவில்லை. நிலைத்தது பெடாட்-பிஎஸ்எஸ் என்ற நீலக் கரைசல். ஃபிலிம் சுருளில் நிலைமின் தடுக்கும் பூச்சாக அறிமுகமாகி, இன்று பாலிமர் கெப்பாசிட்டருக்குள் பெடாட் இருக்கிறது. கரைசலில் 5 சதவீதம் டைமெத்தில் சல்ஃபாக்சைடு சேர்த்துப் பூசினால் கடத்தும் திறன் நூறு மடங்குக்கும் மேல் ஏறும்.

கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்க்க ஏற்றது பாலிஅனிலீன். 2.59 கிராம் அனிலீன் ஹைட்ரோகுளோரைடை 50 மி.லி. நீரிலும், 5.71 கிராம் அமோனியம் பெர்சல்ஃபேட்டை இன்னொரு 50 மி.லி. நீரிலும் கரையுங்கள். புகைபோக்கிக் கூண்டுக்குள், கையுறையோடு. அனிலீன் உப்பு தோல் வழியே உடலில் ஏறும் நஞ்சு. அறைச் சூட்டில் இரண்டையும் கலந்து லேசாகக் கிளறி ஓர் இரவு விட்டுவிடுங்கள். சில நிமிடத்தில் நீலம் தோன்றி, பிறகு கரும்பச்சைக் கசடு படியும். அதை வடிகட்டி 0.2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் அசிட்டோனிலும் கழுவி, 60 டிகிரியில் உலர்த்தி, அழுத்தி வில்லையாக்கி நாலு முனையில் அளந்தால் செ.மீ.க்கு ஒற்றை இலக்க சீமென்ஸ் (கடத்தும் திறனின் அலகு, ஓமுக்குத் தலைகீழ்) கிடைக்கும். வெறும் நீரில் கழுவினால் அமிலம் போய் எண் கீழே விழும். ஒரு துண்டை அமோனியாவில் நனைத்துப் பாருங்கள்: பச்சை நீலமாகும், மீட்டர் முள் காப்பான் பக்கம் ஓடும். அமிலத்தில் மறுபடி நனைத்தால் பச்சை திரும்பும், கரண்டும் திரும்பும்.